மாட்டு உப்பு

மொகோட்லோங்
22 ஏப்ரல் 2001

என் ஒரே அக்கா மாநாலெடிக்கு,

மலைமேலிருந்து உன் தங்கை மாசெல்லோ எழுதுகிறேன். இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். கீழே மாஃபெதெங்கில் நீயும் உன் மேளங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் செத்துவிட்டேன் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் நம்பாதே. உன்னை அவ்வளவு சீக்கிரம் நிம்மதியாக விட்டுவிடுவேனா?

ஆனால் வாசல்வரை போய்விட்டுத்தான் வந்தேன். போன கோடையில் ஆரம்பித்தது. களியைப் பார்த்தாலே குமட்டும். எழுந்து நின்றால் மலையெல்லாம் சுற்றும். உடம்பில் சதை நிற்கவில்லை. நான் போர்த்திக்கொண்டு நடந்தால் கம்பளி தனியாக நடந்து போகிற மாதிரி இருக்கிறது என்று செல்லோவின் அப்பா சொன்னார். அதோடு கறுத்துக்கொண்டே போனேன். நாம் என்றைக்குச் சிவப்பாக இருந்தோம் என்று நீ சிரிப்பாய். இது வேறு கறுப்பு அக்கா. உள்ளங்கை ரேகை கறுத்தது. பழைய தீக்காயத் தழும்பு கறுத்தது. ஈறுகூட, புகை பிடித்த சட்டியின் அடிபோல ஆகிவிட்டது. ஊரில் எல்லோரும் எனக்கு அந்த மெலிவு நோய்தான், எய்ட்ஸ்தான் என்று முடிவு கட்டி, என் இழவுக்கு எந்த மாட்டை அடிப்பது என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அது இல்லை. பாவம், ஊர்க்காரர்கள் ஏமாந்துபோனார்கள்.

இதற்கிடையில் ஒரு கூத்து. மருமகள் மாட்டுப்பட்டிக்கு வருகிறாள், நான் மண்டியிட்டு மாடுகளுக்கு வைத்திருந்த உப்புக்கட்டியை நக்கிக்கொண்டிருக்கிறேன்.

"அத்தே! மாட்டுக்கு வச்சத நீங்க ஏன் நக்குறீங்க?"

"மாடே ஒண்ணும் கேக்கல, நீ ஏண்டி கேக்குற?"

பொழுது சாய்வதற்குள் நான் ஊருக்குச் சூனியக்காரி ஆகிவிட்டேன். செல்லோவின் அப்பாதான் குதிரைக்குச் சேணம் கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே காங்கோவிலிருந்து வந்த டாக்டர் ஒருவர். நம் பாஷையை ஆற்றுக் கல்மேல் கால் வைத்து நடக்கிறவர்போலப் பேசுகிறார். என் ஈறைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார், "அம்மா, உப்பு ரொம்ப கேக்குதா?" என்றார். என் மருமகள்தான் முன்கூட்டிப் போய்க் கோள் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். "முன்னாடி எப்பவாச்சும் டி.பி. இருந்துச்சா?" என்று அடுத்து கேட்டார். இருந்ததே! சுரங்கத்திலிருந்து செல்லோவின் அப்பா இருமலோடு வந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாத்திரை விழுங்கினோமே.

அவர் சொன்னது இதுதான். குண்டிக்காய், கிட்னி என்கிறார்களே, அது இரண்டின் மேலும் தொப்பி வைத்த மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அது சுரக்கிற ஹார்மோன்தான் உடம்பில் தெம்பையும் உப்பையும் பிடித்து வைக்கிறது. அந்தப் பழைய டி.பி. என்னுடைய இரண்டையும் தின்றுவிட்டது. இனி அது சுரக்காது. அதற்குப் பதில் மாத்திரை. ஹைட்ரோகார்ட்டிசோன் என்று பெயர், நம் பஸ் வரும் பாதையைவிட நீளம். காலையில் பெரிய பங்கு, மதியம் தாண்டிச் சின்னப் பங்கு, உயிர் இருக்கிறவரை. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக. வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் உடனே ஊசி. நிறுத்தவே கூடாது. உப்பைப் பிடித்து வைக்க இன்னொரு மாத்திரையும் இருக்கிறதாம், அது இங்கே கிடைப்பதில்லையாம். "அதனால அம்மா, நீங்க நல்லா உப்புப் போட்டுச் சாப்பிடுங்க" என்றார். டாக்டரே சொல்லிவிட்டார்! மருமகளிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினேன்.

இப்போது சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டில் ஆடு அறுத்தபோது குண்டிக்காயைச் சுற்றியிருந்த கொழுப்பைக் கிழித்துப் பார்த்தேன். இருந்தது அக்கா, அவரைக் கொட்டைபோல ஒன்று. செல்லோவின் அப்பாவிடம் காட்டினேன்.

"நாய்க்கு எறியுற இதுவா உங்கிட்ட இல்ல?" என்றார்.

"நாயப் பாருங்க, எவ்வளவு தெம்பா இருக்கு!" என்றேன்.

பஸ் டிரைவரிடம் நீ சொல்லியனுப்பியதும் வந்து சேர்ந்தது. இது வியாதி இல்லை, செத்துப்போன நம் மூத்தவர்களின் அழைப்பு, மாத்திரையை விட்டுவிட்டு உன்னிடம் வந்து மேளம் பழகி நானும் குறிக்காரி ஆக வேண்டும் என்று. நீ குறிக்காரி, ஊரே உன் வாசலில் நிற்கிறது, தெரியும். ஆனால் என் தாளம் எப்படி என்று உனக்கே தெரியும். கல்யாணத்தில் நான் கைதட்டினாலே மணப்பெண் தடுக்கி விழுவாள். நான் வரவில்லை.

உன் வாலில்லாத தங்கை,
மாசெல்லோ


மாஃபெதெங்
9 மே 2001

தங்கை மாசெல்லோ,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

நான் படுத்துக் கிடந்த வருஷம் உனக்கு மறந்துவிட்டதா? எனக்குக் கஞ்சி ஊட்டியவள் நீதானே. எலும்பும் தோலுமாகக் கிடந்தேன். சபைக்காரர்கள் ஜெபித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். எதிலும் எழவில்லை. மூத்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, வெள்ளைப் பாசிமணி அணிந்து, மேளத்துக்கு முன்னால் நின்ற பிறகுதான் எழுந்தேன். என் உடம்பே சாட்சி. உன் டாக்டர் காங்கோவில் பிறந்தவர். நம் வீட்டுச் செத்தவர்களின் பெயர் அவருக்குத் தெரியுமா?

அப்பாவின் பெரிய அத்தை என் கனவில் வந்தாள். உன் வீட்டு வாசலில் நின்றாள். கை நிறைய உப்பு வைத்திருந்தாள். உன் வீட்டு உப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள். மூத்தவர்கள் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்கள்? பழகுகிறவள் உப்பைத் தொடக்கூடாது என்பது நீ அறிந்ததுதான். நான் பழகி முடித்த பிறகும் தொடவில்லை. என் வீட்டில் உப்பு இல்லை. மாடும் இல்லை. ஆகவே உப்புக்கட்டியும் இல்லை. இங்கே வந்தால் உன் நாக்கு அடங்கும், இரண்டு விதத்திலும்.

உன் சடங்கில் அறுக்க வெள்ளாடு ஒன்றைத் தனியாகக் கட்டியிருக்கிறேன். குளிர் முற்றுவதற்குள் வா. அம்மா போன பிறகு உன்னை முதுகில் கட்டி வளர்த்தவள் நான். உன்னைப் புதைக்க மாட்டேன்.

உன் அக்கா,
மாநாலெடி


மொகோட்லோங்
14 ஜூன் 2001

அக்கா,

இன்றைக்கு நலம் விசாரிக்கப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன். கோபத்தில் எழுதினாலும் என் எழுத்து அதே கோழிக் கிறுக்கல்தான், அதனால் உனக்கு வித்தியாசம் தெரியாது. எனவே சொல்லிவிடுகிறேன், கோபமாக இருக்கிறேன்.

நான் வர மறுத்தவுடன் நீ என் புருஷனுக்குச் சொல்லியனுப்பினாய். உப்பையும் மாத்திரையையும் மறைத்து வை, அவள் தானாக வழிக்கு வருவாள் என்று. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் சுரங்கத்தில் பாறை குடைந்தவர். பாறைக்குப் பயப்படமாட்டார், உனக்குப் பயப்படுவார். அவரே களி கிண்டினார் அக்கா! அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சப்பென்று இருந்தது. "உப்பு எங்கே?" என்றேன்.

"தீந்துடுச்சு."

"மாத்திரை?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"அப்ப எலிக்கு இனிமே தலையே சுத்தாது" என்றேன். அதுதான் அந்த வாரத்தில் நான் அடித்த கடைசி ஜோக். மறுநாள் குமட்டல் வந்தது. அதற்கும் மறுநாள் ஊற்றுக்குப் போகிற பாதையில் குடத்தோடு விழுந்தேன். எழுந்திருக்க மனசு இருக்கிறது, உடம்பு யாருடையதோபோலக் கிடக்கிறது. பயமாகக்கூட இல்லை. அதுதான் மோசம். "போகட்டும், படுத்துக்கொள்வோம்" என்று இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியது அக்கா, எனக்கு! வாயை மூடச் சொன்னால் நாலு நாள் பேசுகிறவளுக்கு!

அவர் என்னைக் குதிரையில் தன்னோடு கட்டிக்கொண்டு ஓட்டினார். வழியெல்லாம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். மாத்திரை தானியக் கூடைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். சாய்ந்த வெயில் ஜன்னலை விட்டுப் போவதற்குள் எனக்குப் பசித்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை, அவரைத் திட்டினார். பாதி நம் பாஷையில், பாதி பிரெஞ்சில். பிரெஞ்சுப் பாதிதான் நன்றாக இருந்தது.

இப்போது அந்த மனிதர் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே திரிகிறார். நேரம் வந்தால் வாளியைத் தட்டுகிறார். ஆடுகளும் ஓடி வருகின்றன.

இனி நான் சொல்வதைக் கேள். மூத்தவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பானையில் பீர் பொங்கினால் முதல் அகப்பை அவர்களுக்குத்தான் ஊற்றுகிறேன், பெரிய அத்தையின் பெயரைச் சொல்லித்தான் ஊற்றுகிறேன். ஆனால் என் வாய்க்குள் என்ன போகும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். பெரிய அத்தைக்கு நான் வேண்டுமென்றால் இந்த மாத்திரையோடும் இந்த உப்போடும் எடுத்துக்கொள்ளட்டும். கட்டாது என்றால் வேறு ஆளைப் பார்க்கட்டும். உன் ஆட்டை அவிழ்த்து விடு. அதுவாவது பிழைக்கட்டும்.

நீ முதுகில் கட்டி வளர்த்தாய், மறக்கவில்லை. அந்த முதுகில் இருந்தபோதும் உன் காதைக் கடித்தேன் என்று நீயே சொல்வாய்.

மாசெல்லோ


மாஃபெதெங்
2 ஜூலை 2001

மாசெல்லோ,

நீ விழுந்தது கேட்டு அன்று முழுக்க நான் மேளத்தைத் தொடவில்லை. அதை எழுதாமல் இருந்தால் பொய்யாகிவிடும். ஆனால் விழுந்ததற்குக் காரணம் நீ சொல்வதல்ல. பாதியில் நின்றதுதான் காரணம். ஆற்றின் நடுவில் நிற்கிறவளைத்தான் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும்.

இங்கே புலேங் என்று ஒருத்தி பழகுகிறாள். மாசேருவில் துணி ஆலையில் தைத்துக்கொண்டிருந்தவள், முப்பது தாண்டியவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். உன்னைப்போலவே வந்தாள். உன்னைவிட மெலிந்து. வாந்தி எடுக்கிறாள், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேளத்துக்கு முன்னால் நிற்கிறாள். மேனி பழைய சேணம்போலக் கறுத்திருக்கிறது. மூத்தவர்களின் நிழல் அவள்மேல் விழுந்திருக்கிறது என்று நான் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பட்டியில் உப்புக்கட்டியை நக்கிப் பிடிபட்டாள். வாயைக் கழுவச் சொன்னேன். அழுதாள். ஆனால் கீழ்ப்படிந்தாள். அதன் பிறகு ஒரு கல் உப்பு அவள் நாக்கில் பட்டதில்லை. பீச் மரங்கள் பூக்கும்போது, பழகி முடித்த குறிக்காரியாக அவளை வெளியே கொண்டுவருவேன். ஊரே பார்க்கும்.

அவளுக்கும் வலிக்கிறது. அவள் உன்னைப்போல வாயாடவில்லை. இதை மட்டும் யோசி.

இனி மாத்திரையைப் பற்றி எனக்கு எழுதாதே.

மாநாலெடி


ரோட்டுக் கடை, மொகோட்லோங்
13 ஜூலை 2001

அக்கா,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்று இப்போதுதான் பிரித்தேன். பஸ் புறப்படப் போகிறது. குதிரையின் முதுகில் வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் குதிரையைத் திட்டு.

இதை வாசித்தவுடன், உட்காராதே, புலேங்கிடம் போ. வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார். உள்ளங்கையை விரித்து ரேகையைப் பார். முன்பு எப்போதாவது நெஞ்சு நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாயா என்று கேள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா என்று கேள். நீ எழுதியது அவளைப் பற்றி இல்லை அக்கா. என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் கையாலேயே.

அவள் உப்புக் கேட்டு அழவில்லை. அவள் உடம்பு உயிர் கேட்டு அழுதது, நீ வாயைக் கழுவச் சொன்னாய்.

உப்புக் கொடு. இன்றைக்கே. கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு, டாக்டரிடம் நான் எழுதியதை அப்படியே காட்டு. உப்பு மட்டும் போதாது, அவளுக்கு ஊசி வேண்டும், மாத்திரை வேண்டும். மூத்தவர்கள் உண்மையாகவே அவளைக் கூப்பிட்டிருந்தால் ஒரு பிடி உப்புக்காக ஓடிப்போக மாட்டார்கள், அவ்வளவு சின்ன மனசா அவர்களுக்கு? அவர்கள் கூப்பிடவில்லை என்றால், பீச் பூக்கும்போது நீ ஊருக்கு முன்னால் வெளியே கொண்டுவரப்போவது ஒரு சவப்பெட்டியை.

இந்தப் பஸ்ஸிலேயே ஏறி வந்து உன் மேளத்தை உதைத்திருப்பேன். மாத்திரை வீட்டில், செல்லோவின் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. என் மடியில் மதியத்துக்கான துண்டு மட்டும்தான். அது இல்லாமல் நான் ஒரு மலைகூடத் தாண்ட மாட்டேன். அடுத்த பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் நீ எதுவும் செய்யாமல் இருந்தால், உன் வாசலில் நின்று, உன் பாசியையும் மேளத்தையும் நம்பி வருகிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, என் குரலில் சொல்வேன். என் குரல் உனக்குத் தெரியும். என்னைச் சூனியக்காரி என்று கூப்பிட்டுக்கொள். ஏற்கெனவே அந்தப் பட்டம் இருக்கிறது.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான். "தபால்பெட்டியில போடாத, அக்கா கையில குடு, வாசிக்கிறவரைக்கும் அங்கேயே நில்லு" என்று சொல்லியிருக்கிறேன். நிற்பான். என்னிடம் அவனுக்கும் பயம்.

மாசெல்லோ


மாஃபெதெங்
27 ஜூலை 2001

தங்கையே,

கணவாயில் பனி விழுந்து பஸ் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். நீ வரவில்லை. அது நல்லது. நீ இல்லாமலே எனக்குப் போதுமான அவமானம் நடந்தது.

டிரைவர் வந்தபோது மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தடியன் நடுவில் வந்து நின்று, "அம்மா, இப்பவே வாசிக்கணுமாம். இல்லாட்டி என்னைக் கொன்னுடுவா" என்றான். வாசித்தேன். முதலில் கிழிக்கத்தான் நினைத்தேன். புலேங் அப்போது என் எதிரில் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் பாடலுக்கு வாய் திறந்தாள், ஈறு தெரிந்தது.

நான் மேளத்தை நிறுத்தச் சொன்னேன். நின்றவுடன் அவளும் நின்றாள். நின்றவள் மடிந்து விழுந்தாள், ஈரத்துணி கொடியிலிருந்து விழுகிற மாதிரி.

என் வீட்டில் உப்பு இல்லை என்று பெருமையாக உனக்கு எழுதினேன் அல்லவா. நான் ஓடினேன், மாசெல்லோ. பாசி குலுங்க, தலையில் கட்டிய ஆட்டுப் பித்தப்பை ஆட, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று உப்புக் கேட்டேன். அந்தப் பொம்பளை என்னையே பார்த்தாள். "உங்களுக்கா?" என்றாள். "ஆமா, எனக்குத்தான், சீக்கிரம் குடு" என்றேன். இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து வந்தேன். புலேங்குக்குக் கண் திறக்கவில்லை, ஆனால் அவள் நாக்கு என் உள்ளங்கையைத் தேடியது. கன்றுக்குட்டி தேடுகிற மாதிரி.

யாரோ வண்டி கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் உன் கடிதத்தை நீட்டினேன். அந்த டாக்டரம்மா என் பாசியையும் உன் கிறுக்கலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நர்சை ஓடச் சொன்னாள். ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டாள். அவளுக்கும் நெஞ்சு நோய் இருந்ததாம், என்னிடம் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. உன்னுடைய அதே மாத்திரை. "இதையெல்லாம் யார் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டாள். "சொன்ன பேச்சுக் கேக்காத தங்கச்சி ஒருத்தி" என்றேன்.

பழகிக்கொண்டிருந்த இரண்டு பேர் மேளத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். குறிக்காரி உப்புப் பிச்சை எடுத்தாள் என்று சந்தையில் பேசுகிறார்கள். பேசட்டும். நான் பாசியைக் கழற்றப் போவதில்லை. அதை எதிர்பார்க்காதே. என்னுடையது அழைப்புதான். என் ஈறு கறுக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும். பெரிய அத்தை உன் வாசலில் கை நிறைய உப்போடு நின்றாள் என்று எழுதினேன். அவள் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வீட்டைப் பார்த்துத்தான் நின்றாள். உள்ளே கொண்டுபோகத்தான் நின்றிருக்கிறாள். நான் குறி சொல்கிறவள், எனக்கு அது தெரியவில்லை.

செல்லோவின் அப்பாவிடம் நான் சொல்லியனுப்பியதற்கு உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உன்னைப் புதைக்க மாட்டேன் என்று எழுதிய கையாலேயே குழி தோண்டினேன். நீ திட்டு. திட்டாமல் இருந்துவிடாதே.

வண்டி போன பிறகு என் உள்ளங்கை உப்பாகவே இருந்தது. கழுவப் போனேன். கழுவவில்லை. இதற்குமேல் என்னைக் கேட்காதே.

உன் அக்கா,
மாநாலெடி


மொகோட்லோங்
20 ஆகஸ்ட் 2001

என் அக்காவுக்கு,

பனி உருகிவிட்டது, வாளி இன்னும் அடிபடுகிறது, நான் இன்னும் விழுங்குகிறேன். திட்டச் சொல்கிறாய். கேட்டு வாங்கினால் திட்டுக்கு ருசி இல்லை. நேரில் வந்து தருகிறேன். புலேங்குக்கு நான் எழுதிய தாள் இதோடு இருக்கிறது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு என்பதை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறேன், நீயும் வாசி. உன் வாசலில் மெலிந்து கறுத்து இனி எவள் வந்தாலும், மேளத்துக்கு முன்னால் அவள் ஈறைப் பார். நீ மறுத்தால் நான் வருவேன். மாத்திரை எப்போதும் இனி என் மடியில்தான்.

எனக்காகக் கட்டி வைத்த ஆட்டை அவிழ்த்துவிடாதே. பீச் பூக்கும்போது புலேங், நீ, நான் மூன்று பேரும் சேர்ந்து தின்போம். குண்டிக்காய்க் கொழுப்பை நாய்க்கு எறிவதற்கு முன் உனக்கு அந்த அவரையைக் காட்டுகிறேன். இத்தனை வருஷம் பித்தப்பையை மட்டும் அறுத்தெடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாய், பக்கத்திலேயே இருந்ததைப் பார்க்கவில்லை.

டிரைவரிடம் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறேன். கனமாக இருக்கும், கவனமாக இறக்கு. உள்ளே இருப்பது உப்புக்கட்டி. யாராவது கேட்டால் மாட்டுக்கு என்று சொல்.

உன்னிடம் மாடு இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாசெல்லோ